அறுநூறு பேருக்கு ஆயிரத்து இருநூறு சாப்பாடு

எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஒரு வருடம் சாம்பார் மூன்று நாள் மிஞ்சியது. அதற்கு நான்தான் காரணம். கோலா பிலா சந்தையில் இன்னமும் சிலர் என்னைப் பார்த்தால் "சாம்பார் சயின்டிஸ்ட் வராங்க" என்று வழி விடுகிறார்கள். ஊரில் உலவும் கதையில் நான் ஒரு பைத்தியக்காரி. உண்மையில் எனக்கு ஒரு காரணம் இருந்தது. காரணம் தப்பாகப் போனது வேறு விஷயம்.

நான் மலேசியாவில், நீலாய் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வுக்கூட அதிகாரி. வீடு கோலா பிலாவைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்தில். கணவருக்குத் தோட்டத்து எண்ணெய் ஆலையில் வேலை, பழம் ஏற்றி வரும் லோரிகளை எடை போடும் பாலத்தில். அவர் வீட்டிலிருந்து ஆலைக்கு மோட்டர் சைக்கிளில் நான்கு நிமிடத்தில் போய்விடுவார். நான் நீலாய்க்குக் காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவேன். இது நியாயமா என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் என் பொறுப்பில் ஓர் எந்திரம் இருக்கிறது. அது செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ரவைத் துணுக்கு அளவுள்ள ஒரு படிகத்தை ஊசிமுனையில் ஒட்டி வைப்போம். அதன்மேல் எக்ஸ் கதிர் பாயும். படிகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருப்பதால், கதிர் குறிப்பிட்ட சில திசைகளில் மட்டும் தெறித்து, எதிரே இருக்கும் டிடெக்டர் என்ற தட்டில் புள்ளி புள்ளியாக விழும். சில புள்ளிகள் பளிச்சென்று இருக்கும், பல மங்கலாக இருக்கும். டிடெக்டர் ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை கதிர்த் துகள் விழுந்தது என்று ஒவ்வொன்றாக எண்ணும். அந்த எண்ணிக்கை சரியாக இருந்தால், அணுக்கள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று கணினி சொல்லிவிடும். எண்ணிக்கை தப்பானால் கணினி உளறும். அவ்வளவுதான்.

அந்த வருடம் எங்கள் பேராசிரியை ஒரு படிகத்துக்காக எட்டு மாதம் காத்திருந்தார். அவர் மலாய்க்காரர், வேலையில் கறார், முறுக்கு என்றால் மட்டும் இளகிவிடுவார். எட்டு மாதமும் குப்பிகளில் தூளும் பிசினும்தான் வந்தன. ஒரு நாள் காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் "வா, வா, வா" என்று மூன்று தடவை கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். கற்கண்டு மாதிரி ஒன்று, விளிம்பெல்லாம் கத்தி போல, நடுவே தண்ணீர் போலத் தெளிவு. வழக்கமாக எங்களுக்குக் கிடைப்பதைவிட மூன்று மடங்கு பெரியது. பேராசிரியை அதைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸப்பில் தன் அக்காவுக்கு அனுப்பினார். அக்கா "கல்யாண மோதிரமா?" என்று கேட்டாராம்.

எந்திரத்தில் வைத்தோம். கதிரை முழு வேகத்தில் விட்டோம். திரையில் புள்ளிகள் தீபாவளி மத்தாப்பு மாதிரி பளபளத்தன. இவ்வளவு நல்ல படிகத்துக்குக் கணக்கு தானாக வந்து விழும் என்று நானும் நம்பினேன். விழவில்லை. அளந்த எண்ணும் வரவேண்டிய எண்ணும் ஒட்டவே இல்லை. கணினி ஓர் அணுவைக் கொண்டுபோய் இன்னோர் அணுவின் மடியில் உட்கார வைத்தது.

பேராசிரியை முதலில் படிகத்தைச் சந்தேகப்பட்டார். நான் ஏர்கோனைச் சந்தேகப்பட்டேன். ஏர்கோன் பழுது பார்க்க வந்தவர் கூரையைச் சந்தேகப்பட்டார். நான் எந்திரத்தின் ஓரத்தில், யாருக்கும் தெரியாத இடத்தில், கொஞ்சம் விபூதி பூசினேன். பேராசிரியை அதைப் பார்த்துவிட்டு "தூசி ஏன் கோடு கோடாக இருக்கிறது?" என்று கேட்டு டிஷ்யூவால் துடைத்துவிட்டார்.

ஒத்துப்போகாத புள்ளிகளைக் கணினி ஒரு பட்டியலாகக் கொடுக்கும். அதை நான்காம் நாள்தான் ஒழுங்காகப் படித்தேன். எல்லாமே பளிச்சென்ற புள்ளிகள். எல்லாவற்றிலும் அளந்த எண் குறைவு. சரி, வெளிச்சம் அதிகமாகிவிட்டது போல என்று ஒவ்வொரு படத்துக்கும் எடுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தேன். மாற்றமில்லை. கால்வாசியாக்கினேன். அப்போதும் மாற்றமில்லை. கடைசியில் கம்பெனிக்குப் போன் போட்டோம்.

கோலாலம்பூரிலிருந்து ஓர் என்ஜினியர் வந்தார். சீனர், நடுவயது, கையில் குழாய் செருகிய தே தாரிக் டீப் பொட்டலம். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். திரையை மூன்று நிமிடம் பார்த்தார். உறிஞ்சு குழாயை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார், "படிகம் ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் பிரச்சினை."

பேராசிரியைக்கு இது பாராட்டா திட்டா என்று புரியவில்லை.

என்ஜினியர் விளக்கினார். டிடெக்டர் ஒரு துகளை எண்ணி முடித்து அடுத்ததற்குத் தயாராக மிகச் சின்ன நேரம் ஒன்று வேண்டும். அந்த நேரத்துக்குள் இன்னொரு துகள் வந்தால் டிடெக்டருக்குத் தெரியாது. மங்கல் புள்ளியில் துகள்கள் விட்டு விட்டு வருகின்றன, ஒன்றும் தப்பாது. பளிச்சென்ற புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன, ஏகப்பட்டது தப்பிவிடும். ஓரளவு வரைக்கும் தப்பியதைக் கணக்குப் போட்டுக் கணினியே சேர்த்துக்கொள்ளும். அந்த எல்லையைத் தாண்டினால் அதுவும் கையை விரித்துவிடும்.

"நான் நேரத்தைக் குறைத்தேனே?" என்றேன்.

"நேரத்தைக் குறைத்து என்ன பண்ண? கொஞ்ச நேரம் கொட்டினாலும், கொட்டுகிற வேகம் அதேதானே" என்றார். "வேகத்தைக் குறைக்கணும். கதிர் வரும் வழியில் ஒரு மெல்லிய உலோகத் தகடு வைத்தால் போதும். தகடு என்னிடம் இப்போது இல்லை. இரண்டு வாரத்தில் அனுப்புகிறேன்."

அந்த இரண்டு வாரம்தான் என் வாழ்க்கையைக் கெடுத்தது.

புதிதாக ஒரு விஷயம் புரிந்தால் அதை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. டோல் சாவடியில் உட்கார்ந்து எத்தனை கார் தப்பும் என்று யோசித்தேன். மாமாக் என்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் பரோட்டா எடுத்து வருகிற பையன் ஒரே மூச்சில் எத்தனை ஆர்டரை மறக்கிறான் என்று பார்த்தேன். சாயங்காலம் கணவரிடம் கேட்டேன்.

"ஏங்க, ஒங்க பாலத்துல ரெண்டு லோரி ஒரே நேரத்துல வந்துட்டா என்னா ஆவும்?"

"வராது."

"வந்துட்டா?"

"எடம் இல்ல லா. பாலம் ஒரு லோரி நீளம்தான்."

"அதான் நான் சொல்றேன், நீங்க ஒரு நல்ல டிடெக்டர்" என்றேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டம். திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது. கோயில் தலைவர் தோட்டத்து ஆபிசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் எழுத்தில் கேட்பவர். அவருக்குப் போன வருட அவமானம் இன்னும் ஆறவில்லை. போன வருடம் அன்னதானம் பாதியில் தீர்ந்துபோய், தம்பின் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் வெறும் அப்பளத்தோடு திரும்பிப் போனார்கள்.

"வாசல்ல எண்ணுன கணக்கு அறுநூத்தி சொச்சம். நம்ம சமைச்சதும் அறுநூத்தி அம்பது பேருக்கு. அப்பறம் எப்பிடி பத்தாமப் போச்சி?" என்று தலைவர் மேசையைத் தட்டினார்.

வாசலில் எண்ணுகிறவர் எங்கள் பக்கத்து வீட்டு மாமா. சிரம்பானுக்கும் கோலா பிலாவுக்கும் நடுவே ஓடிய பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டர். கையில் அழுத்தி எண்ணுகிற சின்னக் கருவி ஒன்றை மஞ்சள் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். எங்கள் தோட்டத்தில் அதன் பெயர் டிக்டிக். ஆள் ஒருவர் நுழைந்தால் ஒரு டிக். திருவிழா அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அழுத்துவார்.

நான் எழுந்து நின்றேன். நிற்காமல் இருந்திருக்கலாம்.

"தலைவரே, மாமா மேல தப்பு இல்ல. ஆனா கூட்டம் வேகமா வந்தா எந்தக் கருவியும் கொறச்சித்தான் எண்ணும். எங்க லேப்ல கோடிக் கணக்குல வெல உள்ள மெஷினே தப்பு பண்ணுது. மாமா எம்மாத்திரம்?"

மாமா முகம் சிவந்தது. "நானா? ஒரு டிக்கெட்டு தப்பவுட்டது கெடையாது. இன்ஸ்பெக்டர் ஏறி செக் பண்ணிட்டு எனக்கு சலாம் போட்டுட்டு எறங்குவான்."

"பஸ்ல ஒரு கதவு மாமா. கோயில் வாசல் எவ்ளோ அகலம்?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. தலைவர் என்னை மரியாதையோடு பார்த்தார். படித்த பெண் பேசுகிறாள் என்ற பார்வை. எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

"சரிம்மா, அப்போ உண்மையான கணக்கு எவ்ளோ?"

"சோதன பண்ணித்தான் சொல்லணும்."

மறுநாள் பொது விடுமுறை. காலை பத்து மணிக்குக் கோயில் வாசலில் மாமாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். தேவாரம் பாடும் பெண்கள் இருபது பேரைக் கூட்டி வந்திருந்தேன். எதற்கு என்று சொல்லவில்லை, சொன்னால் வரமாட்டார்கள். கணவர் மோட்டரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

முதல் சுற்று, ஒவ்வொருவராக மெதுவாக நடந்தார்கள். மாமா இருபதுக்கு இருபது. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இரண்டாம் சுற்று, கொஞ்சம் வேகமாக. பதினெட்டு.

"ரெண்டு பேரு ஒட்டிக்கிட்டு போனாங்க லா, அது கணக்குல சேத்தி இல்ல" என்றார் மாமா.

மூன்றாம் சுற்று, எல்லோரும் ஓடுங்கள் என்றேன். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இருபது பேரும் சிரித்தபடி ஓடினார்கள். ஒருத்தியின் செருப்பு பறந்து மாமா மடியில் விழுந்தது. பதினொன்று.

நான்காம் சுற்றுதான் உச்சம். இருபது பேரும் ஒரே கும்பலாக வரவேண்டும், திருவிழாவில் பஸ் நின்றதும் வருவது போல. முதலில் வந்த அம்மாள் மாமாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. நடுவாசலில் நின்று, "அண்ணே, முட்டி ஆபரேஷன் பண்ணீங்களே, எப்பிடி இருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

"இப்ப பரவால்லம்மா, மாடி ஏறனாத்தான் சுசா, வலிக்கிது" என்று மாமா ஆரம்பித்தார். பின்னாலே இரண்டாவது ஆள், "மாமா, சௌக்கியமா?" மூன்றாவது ஆளும் அதேதான். ஒவ்வொருவருக்கும் மாமா இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொன்னார். கை இரண்டும் கூப்பியிருந்தால் டிக்டிக்கை எந்தக் கையால் அழுத்துவது? இருபது பேரும் உள்ளே போன பிறகு பார்த்தோம். இரண்டு.

டிடெக்டரில் இதற்குச் சமமான ஒரு வகை உண்டு. துகள் வந்துகொண்டே இருந்தால் அது தயாராகவே ஆகாது. கூட்டம் கூடக்கூட எண்ணிக்கை இறங்கி, கடைசியில் ஒன்றுமே வரவில்லை என்று சொல்லும். எனக்கு ஒரே பூரிப்பு. "மாமா, நீங்க அந்த வகை!" என்று கத்தினேன்.

"என்னா வகை?" என்றார் மாமா.

கணவர் பின்னாலிருந்து சொன்னார், "மரியாத தெரிஞ்ச வகை மாமா."

வீட்டில் உட்கார்ந்து கோடு வரைந்தேன். நாலு சுற்றையும் கூட்டினால் எண்பது பேர் நுழைந்ததில் மாமா அழுத்தியது ஐம்பத்தொன்று. கடைசிச் சுற்று ரொம்பக் கொடுமை என்பதால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுத்து, சராசரியாகப் பாதிப் பேரை மாமா தவறவிடுகிறார் என்று முடிவு கட்டினேன். அறுநூற்றை இரண்டால் பெருக்கினேன். தலைவரிடம் ஒரு தாளில், வரைபடத்தோடு, ஆயிரத்து இருநூறு என்று எழுதிக் கொடுத்தேன். தலைவர் அதைக் கோயில் கோப்பில் துளைபோட்டுக் கோத்தார். எழுத்தில் வந்ததை அவர் சந்தேகப்படுவதில்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. போன வருடம் சிலர் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கும் பொட்டலம், எங்கள் பேச்சில் தாபாவ், கட்டிக்கொண்டு போனதாக அவருக்கு ஒரு தகவல் வந்திருந்தது. அதனால் சமையல் கொட்டகை வாசலில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை மாட்டினார்: தாபாவ் கட்டாயம் கிடையாது. படிப்பவருக்கு, வேண்டுமானால் கட்டலாம், கட்டாயமில்லை என்று அர்த்தமாகிறதே என்று யாரோ சொன்னதும், கீழே சிவப்பு மையில் "கட்டக் கூடாது" என்று சேர்த்தார்.

திருவிழா அன்று நான் இன்னொரு காரியமும் செய்தேன். என்ஜினியர் வேகத்தைக் குறைக்கத் தகடு வைக்கச் சொன்னார் அல்லவா? வாசலில் நான் பெஞ்சுகளைப் போட்டேன். ஆலை கேன்டீனிலிருந்து கணவரைக் கெஞ்சி வாங்கிய பதினாறு பெஞ்சு. வளைந்து வளைந்து போகும் ஒற்றையாள் பாதை, விமான நிலையத்தில் வரிசை நிற்பது போல. மாமா ஒருவர் பின் ஒருவராக நிதானமாக அழுத்தினார். வணக்கம் சொல்லக்கூட நேரம் இருந்தது. காலை பதினொன்று வரை எல்லாம் அழகாக நடந்தது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு காவடி வந்தது.

காவடியின் அகலம் ஓர் ஆள் இரண்டு கையை விரித்ததைவிட அதிகம். என் பாதையின் அகலம் ஓர் ஆள். உருமி மேளம் உச்சத்தில் அடித்துக்கொண்டிருக்க, காவடிக்காரர் முதல் வளைவில் நுழைந்தார். மயிலிறகு பெஞ்சில் மாட்டியது. திரும்பப் பார்த்தார், பின்பக்கம் மாட்டியது. அவருக்குப் பின்னால் பால்குடம் ஏந்திய நாற்பது பேர். அவர்களுக்குப் பின்னால், தம்பினிலிருந்து வந்த இரண்டு பஸ் அப்போதுதான் நின்று கதவைத் திறந்தது.

"யாரு இங்க பெஞ்சி போட்டது?" என்று தலைவர் ஒலிபெருக்கியிலேயே கத்தினார்.

மேளக்காரர்கள் நிறுத்தவில்லை. காவடிக்காரர் நின்ற இடத்திலேயே ஆடினார், வேறு வழியில்லை. நானும் கணவரும் பெஞ்சைத் தூக்கினோம். நான் தூக்கிய பெஞ்சு கணவர் முதுகில் இடித்தது. அவர் தூக்கிய பெஞ்சில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார், இறங்க மறுத்தார். பாட்டியோடு சேர்த்தே தூக்கி ஓரமாக வைத்தோம். பாதை திறந்ததும் கூட்டம் ஒரே மூச்சில் உள்ளே பாய்ந்தது. மாமா எழுந்து நாற்காலிமேல் ஏறி நின்று, இந்த முறை யாருக்கும் வணக்கம் சொல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு டிக் டிக் டிக் என்று அழுத்தியதை நான் பார்த்தேன். மூன்று பெண்கள் "மாமா" என்று கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. எனக்கு அப்போதே மனசு கொஞ்சம் குத்தியது.

மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம் கலைய ஆரம்பித்தது. மாமாவின் கருவியில் அறுநூற்று எழுபத்தெட்டு. சமையல் கொட்டகையில் சாப்பிட்டவர்களின் தட்டுகளையும் எண்ணிப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட அதேதான். நான் தலைவரைப் பார்க்காமல் இருக்க ஒரு தூணுக்குப் பின்னால் போனேன். தூண் ஒல்லியானது.

"அம்மா, கொஞ்சம் இப்பிடி வாங்க" என்றார் தலைவர். அவர் "வாங்க" போட்டபோதே புரிந்துவிட்டது.

கொட்டகைக்குள் ஐந்து பெரிய அண்டாவில் சாம்பார் மூடி திறக்காமல் இருந்தது. சோறு மலைபோல. கூட்டு, பிரட்டல், பாயாசம். சமையல்காரர் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"தலைவரே, அந்த அட்டைய எடுத்துருவோமா?" என்றேன்.

அவர் அட்டையைக் கழற்றித் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினார்: தாபாவ் கட்டாயம். இந்த முறை அர்த்தம் சரியாகவே இருந்தது. போய்க்கொண்டிருந்தவர்களை ஒலிபெருக்கியில் திரும்பக் கூப்பிட்டோம். பஸ் டிரைவர் இருவருக்கும் ஆளுக்கு ஒரு வாளி. அது போதவில்லை. கணவர் ஆலையிலிருந்து சின்ன லோரியை எடுத்து வந்தார். அண்டாக்களைக் கயிறு போட்டுக் கட்டி, நான் பின்னால் உட்கார்ந்து மூடியைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் சாம்பார் என் புடவையில் ஒரு வாய் வைத்தது. தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத் தொழிலாளர் விடுதிக்குப் போனோம். அவர்கள் மகிழ்ச்சியாக இரண்டு அண்டாவை வாங்கி, அதில் மீன் போடலாமா என்று கேட்டார்கள். கோயில் சாம்பார், இன்று மட்டும் வேண்டாம் என்றேன். ஆட்களை வேலை வாங்கும் இந்தோனேசிய மண்டோர் ஒருவர் ருசி பார்த்துவிட்டு, இது என்ன பருப்புச் சூப்பா, நன்றாக இருக்கிறது, ஆனால் ஏன் இவ்வளவு என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல என் மலாய் போதவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

மறுநாள் ஓர் அண்டா முதியோர் இல்லத்துக்குப் போனது. மிச்சம் எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியிலும் அக்கம்பக்கத்து ஐஸ்பெட்டிகளிலும். நான் ஆய்வுக்கூடத்துக்கு மூன்று நாள் சாம்பார் கொண்டு போனேன். பேராசிரியை முதல் நாள் புகழ்ந்தார், இரண்டாம் நாள் நன்றி சொன்னார், மூன்றாம் நாள் நோன்பு என்றார்.

அந்த மூன்றாம் நாள்தான் உலோகத் தகடு தபாலில் வந்தது. கதிரின் வழியில் செருகி, அதே படிகத்தை மறுபடி வைத்து அளந்தேன். இப்போது பளிச்சென்ற புள்ளிகள் எல்லாம் வரவேண்டிய எண்ணுக்கு ஏறி வந்தன. ஆனால் கதிர் குறைந்ததால் மங்கல் புள்ளிகள் ரொம்ப மங்கிவிட்டன. என்ஜினியருக்குப் போன் செய்து கேட்டேன்.

"மங்கலுக்குப் பழைய அளவையே வைத்துக்கொள். அது ஆரம்பத்திலிருந்தே சரிதான்" என்றார். "பளிச்சென்றதை மட்டும் புதியதிலிருந்து எடு. இரண்டையும் சேர்த்துவிடு."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மங்கல் ஆரம்பத்திலிருந்தே சரி. திருவிழாவில் கூட்டம் முட்டி மோதுவது பஸ் வந்த கால் மணி நேரம் மட்டும். மீதி நாள் முழுக்க ஆட்கள் இரண்டு பேர் மூன்று பேராகத்தான் வருகிறார்கள். அவர்களை மாமா ஒருவர் விடாமல் எண்ணியிருக்கிறார். நான் கால் மணி நேரத்துத் தவறைக் காலை முதல் சாயங்காலம் வரை தடவிவிட்டேன். போன வருடம் சோறு தீர்ந்தது தாபாவ் கட்டியதால்தான். தலைவருக்குக் கிடைத்த தகவல் சரி. என் வரைபடம் ஓடிய பெண்களுக்கு மட்டும் பொருந்தும்.

படிகத்தின் கணக்கு அன்று மாலையே அழகாகக் கூடி வந்தது. அணு அணுவின் மடியிலிருந்து இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்தது. பேராசிரியை கைதட்டினார். நானும் தட்டினேன், பாதி மனதோடு.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத எழுத்துல குடுங்கம்மா" என்றார். கொடுத்தேன். அதையும் துளைபோட்டுக் கோத்தார். இரண்டு தாளும் இன்னும் கோப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

மாமாவிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "ஒன்னோட மெஷின நான் பாக்கணும்" என்றார். அதுதான் அவர் விதித்த ஒரே நிபந்தனை.

பேராசிரியையிடம் அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை மாமாவையும் மாமியையும் நீலாய்க்குக் கூட்டிப்போனேன். மாமா வெள்ளைச் சட்டை, தேய்த்த பேன்ட். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று டிடெக்டரைப் பார்த்தார். கறுப்புத் தட்டு, அவ்வளவுதான். பார்க்க ஒன்றுமில்லை.

"செகண்டுக்கு எத்தன எண்ணும்?"

"ஒவ்வொரு புள்ளியிலயும் பல லச்சம் மாமா."

மாமி, "பாத்தீங்களா, அது வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசுதா?" என்றார். மாமா தட்டையே பார்த்துவிட்டு, "நின்னுக்கிட்டே எண்ணுதா, ஒக்காந்துக்கிட்டா?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்து, உட்கார்ந்துதான் என்றேன். "அப்போ சரி, என்னிய மாரித்தான்" என்றார்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பக்கத்திலிருக்கும் விமான நிலையத்தையும் பார்த்துவிடலாம் என்று மாமி ஆசைப்பட்டார். போனோம். யாரும் ஊருக்குப் போகவில்லை, யாரும் வரவும் இல்லை. மாமாவுக்கு அங்கே பிடித்தது நகரும் படிக்கட்டு. முட்டி வலிக்காமல் மாடி ஏறலாம் என்பதைக் கண்டுபிடித்துவிட்டு மூன்று தடவை ஏறி இறங்கினார். நானும் மாமியும் கீழே ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நின்றோம். நாலாவது தடவை அவர் மேலே போய்ச் சேர்ந்ததும், மாமி தன் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, தானும் ஒரு தடவை போய்ப் பார்ப்பதாகச் சொல்லி ஏறினார்.